பேசத் தெரிந்த கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வை 1990இல் வெளியிட்ட 'பேஷன் அண்ட் வார்ஃபேர்' ஆல்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பாடகர் கிடையாது, பாட்டு வரி கிடையாது, 14 உருப்படிகளிலும் கிட்டார்தான் நாயகன் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. "இதெல்லாம் ஒரு இசையா" என்று சிலர், "இன்னும் கொஞ்சம் சொல்லக்கூடாதா" என்று சிலர். இந்த முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பேரனைப் போடச் சொல்லிக் கேட்டேன். தடதடவென்று ஓட்டம். நடுவில் யாரோ பேசுகிறார்கள். ஒரு டீச்சர் கத்துகிறார். வாத்தியம் அழுகிறது, சிரிக்கிறது, கொட்டாவி விடுகிறது. சின்ன வயதிலிருந்து கச்சேரி கேட்டு வளர்ந்தவன் நான். இதில் ரசிக்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஐயா, "வாத்தியம் அழுகிறது, சிரிக்கிறது, கொட்டாவி விடுகிறது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிடிக்காமல் கேட்டும் இவ்வளவும் உங்கள் காதில் விழுந்திருக்கிறது. நான் ரசிப்பதும் அதைத்தான்.

ராக் இசையில் கிட்டார் வழக்கமாகப் பாடகருக்குப் பின்னால் நிற்கும். பாட்டின் நடுவே அதற்கு ஓர் இடம் ஒதுக்குவார்கள். அங்கே வந்து வித்தையைக் காட்டிவிட்டுத் திரும்பப் போய்விடும். பாடகரையே எடுத்துவிட்டால் கிட்டார் என்ன செய்யும்? நிறையப் பேர் கிட்டாரைப் பாடகராக்கினார்கள், நல்ல மெட்டு ஒன்றைக் கொடுத்துப் பாட வைத்தார்கள். அதுவும் அழகுதான். ஸ்டீவ் வை அதோடு நிற்கவில்லை, கிட்டாரைப் பேச வைத்தார். ஒரு மனிதன் பேசும்போது வருகிற இழுப்பு, தயக்கம், குத்தல், கெஞ்சல், பொய்க் கோபம் எல்லாம் அந்த ஆறு தந்திகளில் வருகிறது. கோணங்கித்தனம் என்று பலர் சொல்வது இதைத்தான். எனக்கு அது இந்த ஆல்பத்தின் உயிர்.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கேட்கிற விதமே மாறிவிடும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியில் 1960இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் அவருக்கு கிட்டார் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் தானும் பெரும்புகழ் பெற்ற ஜோ சாட்ரியானி. அப்புறம் பாஸ்டனில் பெர்க்லீ இசைக் கல்லூரி. அங்கே இருந்தபோது அமெரிக்க ராக் இசையமைப்பாளரும் கிட்டார் கலைஞருமான ஃபிராங்க் ஜாப்பாவின் 'தி பிளாக் பேஜ்' என்ற உருப்படியைக் காதால் கேட்டு, ஸ்வரத்தாளில் எழுதி ஜாப்பாவுக்கே அனுப்பினார். டிரம்ஸுக்காக எழுதப்பட்ட படைப்பு அது. குறிகள் அவ்வளவு நெருக்கமாக விழுவதால் தாளே கறுப்பாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பெயர். அதைப் பார்த்த ஜாப்பா அந்தப் பையனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார். மேடையில் வாசிக்க இல்லை, தன்னுடைய கிட்டார் வாசிப்புகளைக் கேட்டு எழுதித் தரும் வேலைக்கு! அப்போது ஸ்டீவுக்கு வயது 18.

ஜாப்பா தாளக் கட்டுக்குள் அடங்காமல், பேசுகிற மாதிரி வாசிப்பவர். நாலு மாத்திரை இடத்தில் ஐந்து ஸ்வரம், ஏழு ஸ்வரம், பதினொன்று என்று சொருகுவார். அதையெல்லாம் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு எழுத வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி 1982இல் 'தி ஃபிராங்க் ஜாப்பா கிட்டார் புக்' என்ற தடிமனான புத்தகமாக வந்தது. அடுத்து ஜாப்பா இன்னொன்று செய்தார். 1983இல் வெளிவந்த 'தி மேன் ஃபிரம் யுட்டோபியா' ஆல்பத்தில் அவர் பாதி பேச்சும் பாதி பாட்டுமாகக் கதை சொல்லுகிற இடங்கள் உண்டு. அந்தப் பேச்சின் ஒவ்வோர் அசையையும் ஸ்டீவ் ஸ்வரமாக எழுதி, அவர் குரலோடு ஒட்டி கிட்டாரில் வாசித்திருக்கிறார். 'தி டேஞ்சரஸ் கிச்சன்' கேட்டுப் பாருங்கள். ஒருவர் அடுக்களை அழுக்கைப் பற்றிப் புலம்புகிறார், கூடவே கிட்டாரும் அதே ஏற்ற இறக்கத்தில் புலம்புகிறது.

இருபது வயதை ஒட்டிய காலத்தில் மனிதப் பேச்சை ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து எழுதிய ஒருவர், முப்பது வயதில் சொந்தமாக ஆல்பம் போட்டால் கிட்டார் பேசாமல் என்ன செய்யும்?

நீங்கள் எரிச்சல்பட்ட அந்த டீச்சர் வரும் உருப்படி, 'தி ஆடியன்ஸ் இஸ் லிஸனிங்'. அதை இன்னொரு முறை மட்டும் கேளுங்கள் ஐயா. வகுப்பில் ஸ்டீவி என்ற பையனை டீச்சர் செல்லமாக அழைத்து, இன்று இவன் நமக்கு ஒன்று வாசித்துக் காட்டப் போகிறான் என்கிறார். பையன் வாயால் பதில் சொல்லவில்லை, கிட்டார்தான் சொல்கிறது. முதலில் அடக்கமாக, நல்ல பிள்ளையாக. பிறகு சத்தம் ஏறுகிறது, வகுப்புப் பிள்ளைகள் குதிக்கிறார்கள், டீச்சர் பதறுகிறார். வகுப்பறையில் காலம் கழித்தவர் நீங்கள். இந்தப் பையனை உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

கிட்டார் "பேசுகிறது" என்று எழுதுகிறீர்கள். அது எப்படி? ஏதாவது மெஷின் வைத்துச் செய்வதா? நான் இரண்டு வருடமாக கிட்டார் கற்கிறேன். எனக்கு வருமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

வரும் அம்மா. மெஷினும் உண்டு, ஆனால் பாதிக்கு மேல் கைதான்.

என் கிட்டார் வகுப்பில் கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். உன் அம்மா வீட்டுக்குள்ளிருந்து "சாப்பிட வாடீ" என்று கூப்பிடுவதை போனில் பதிவு செய்துகொள். பாட்டு மாதிரி கேட்டுக் கேட்டு, அதில் எந்த அசை மேலே போகிறது, எது கீழே வருகிறது என்று பார். "சாப்பிட" மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். "வா"வில் குரல் ஏறும். "டீ"யில் நீளமாக இழுத்து இறங்கும். முதல் தடவை கூப்பிடுவதற்கும் மூன்றாவது தடவை கூப்பிடுவதற்கும் ஏற்றம் வேறு, அதையும் பதிவு செய்.

இப்போது கிட்டாரை எடுத்து, மூன்றாம் தந்தி ஒன்றில் மட்டும் அந்த உயரங்களைத் தேடு. ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகள்) தாவாதே. பேச்சு தாவாது, வழுக்கிக்கொண்டுதான் போகும். விரலை வழுக்கு, தந்தியை வளை. உயரம் பிடிபட்டதும் வலது கைக்கு வா. மெய்யெழுத்துகள் வலது கையில்தான் இருக்கின்றன. "ச"வுக்குப் பிக்கை, அதாவது தந்தி மீட்டும் சின்னத் தகட்டை, சாய்த்து உரசு. "ப்பி"க்கு உள்ளங்கை ஓரத்தைத் தந்திமேல் வைத்து அமுக்கி அடி. "ட"வுக்கு வெடிப்பாக ஓர் அடி. "வா"வுக்கு பிக் வேண்டாம், இடது கை விரலால் மட்டும் தட்டி எழுப்பு, அப்போதுதான் அந்த மென்மை வரும். ஒரு வாரம் இதைச் செய்த பிள்ளைகள் சாதாரண மெட்டை வாசிப்பதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எங்கே மூச்சு விட வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி கருவிகள். முதலாவது வா பெடல். காலால் மிதிக்கிறபோது ஒலியின் தடித்த பகுதியிலிருந்து கூர்மையான பகுதிக்கு அழுத்தம் நகரும். நாம் வாயைக் குவித்து "ஊ" என்று ஆரம்பித்து, திறந்து "ஆ" என்று முடிப்பதும் இதே வேலைதான். உயிரெழுத்துகள் பெடலில் கிடைக்கும்.

இரண்டாவது வாமி பார். கிட்டாரின் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. கீழே அமுக்கினால் தந்திகள் தளர்ந்து ஸ்வரம் இறங்கும். பழைய கிட்டார்களில் அமுக்க மட்டும்தான் தாராளமாக முடியும், அதுவும் நாலு தடவை செய்தால் சுருதி போய்விடும். 1970களின் கடைசியில் ஃபிளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ் வந்தது. தந்தியை இரண்டு முனையிலும் பூட்டிவிட்டதால் எவ்வளவு ஆட்டினாலும் சுருதி திரும்ப வந்து நிற்கும். ஸ்டீவ் இன்னொரு படி போனார். தன் கிட்டாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தைக் குடைந்து, கம்பியை மேல்நோக்கியும் இழுக்க இடம் செய்தார். ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாக, தொண்டையில் குரல் போகிற மாதிரி ஓட்ட அதனால்தான் முடிகிறது. 'ஏலியன் வாட்டர் கிஸ்' என்று ஒரு குட்டி உருப்படி இருக்கிறது. அதில் இந்தக் கம்பியோடு ஒலியை வேறு ஸ்வரங்களிலும் திருப்பித் தரும் ஹார்மனைசர் என்ற கருவியும் சேர்ந்து, தண்ணீருக்கு அடியில் ஏதோ ஒரு ஜந்து கொஞ்சுகிற மாதிரி ஒலிக்கும். அதைக் கேட்டுச் சிரிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை.

இந்தப் பேச்சு முழு ஜோராக வெளிப்படும் இடம் ஒன்று இந்த ஆல்பத்துக்கு வெளியே இருக்கிறது. பாடகர் டேவிட் லீ ராத்தோடு அவர் 1986இல் செய்த 'யாங்கீ ரோஸ்' பாட்டின் ஆரம்பம். பாடகர் ஏதோ கேட்கிறார், கிட்டார் பதில் சொல்கிறது, பாடகர் நம்ப முடியாமல் திரும்பக் கேட்கிறார், கிட்டார் சிரிக்கிறது. முதலில் அதைக் கேள், பிறகு ஆல்பத்துக்கு வா.

'ஃபார் தி லவ் ஆஃப் காட்' உருப்படியைப் பத்து நாள் பட்டினி கிடந்து பதிவு செய்தார் என்கிறார்களே, உண்மையா?
– சேலம் வாசகர்

அவரே பேட்டிகளில் சொன்னதுதான். பத்து நாள் உண்ணாநோன்பு இருந்தார், அதன் நான்காம் நாளில் பதிவு செய்தார். ஆன்மிக நாட்டம் உள்ளவர், அவருக்கு அது ஒரு வழிபாடு.

ஆனால் இந்தக் கதையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். இசையைக் கேட்பதற்குப் பதிலாகப் பசியைத் தேட ஆரம்பித்துவிடுவோம். ஆறு நிமிடம் ஓடும் உருப்படி. ஆல்பத்திலேயே மெதுவானவற்றில் ஒன்று. ஒரே ஒரு மெட்டு, ஈ மைனர் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசையில். முதல் முறை வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே சேர்க்காமல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொட்டு நிறுத்திப் போகிறார். அடுத்த முறை அதே மெட்டு, ஸ்வரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன நெளிவுகள். பிறகு நெளிவே மெட்டாகி, வேகம் கூடி, ஓர் இடத்தில் அணை உடைகிறது. அந்த வேகப் பகுதியைத்தான் பையன்கள் யூடியூபில் வாசித்துக் காட்டுகிறார்கள். நீங்கள் முதல் ஒன்றரை நிமிடத்தைக் கவனியுங்கள். ஒரு ஸ்வரத்தை எட்டிப் பிடிக்கும்போது விரல் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். சோகத்தைச் சொல்ல வருகிறவன் முதல் வாக்கியத்தில் தயங்குவானே, அந்தத் தயக்கம் இருக்கிறது.

முடிவில் ஓர் ஆண்குரல் இரண்டு வரி பேசும். அது வைட்ஸ்நேக் ராக் குழுவின் பாடகர் டேவிட் கவர்டேல். ஆல்பம் வந்த சமயத்தில் ஸ்டீவ் அந்தக் குழுவில்தான் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பேச்சு தேவையாகப் படவில்லை. கிட்டார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஸ்டீவ் வையின் கிட்டாரில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்களே, எதற்கு? ஒலிக்கா?
– ஈரோடு வாசகர்

கைப்பிடி. ஒலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஐபனெஸ் நிறுவனம் 1987இல் அவருக்காகச் செய்து வெளியிட்ட 'ஜெம்' கிட்டார் அது. பச்சை, மஞ்சள், பிங்க் என்று கண்ணைப் பறிக்கிற நிறங்களில் வந்தது. பூப்போட்ட துணியை ஒட்டிய மாடலும் உண்டு. அந்த ஓட்டையை "குரங்குப் பிடி" என்பார்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் குடைந்த இடம் "சிங்க நகம்". நான் மேலே சொன்ன கம்பி விஷயத்துக்கு உபயோகப்படுவது இந்தச் சிங்க நகம்தான்.

இதெல்லாம் வெறும் வேகப் போட்டி இல்லையா? மெட்டு நினைவில் நிற்கிறதா என்று கேட்டால் நிற்கவில்லை. சாட்ரியானி மெட்டு நிற்கிறது.
– மதுரை வாசகர்

நியாயமான பேச்சு. மெட்டு வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நானும் முதலில் சாட்ரியானியின் 1987 ஆல்பமான 'சர்ஃபிங் வித் தி ஏலியன்' தான் கொடுப்பேன். ஒவ்வோர் உருப்படியிலும் வாய்விட்டுப் பாடக்கூடிய ஒரு மெட்டு இருக்கும். ஆனால் அதோடு ஸ்டீவை ஒதுக்கிவிடாதீர்கள். 'ஆன்ஸர்ஸ்' மெட்டை ஒரு முறை கேட்டால் அடுத்த நாள் குளிக்கும்போது தானாக வரும். துள்ளித் துள்ளிப் போகிற, குழந்தைகள் தட்டாமாலை சுற்றுவதற்கான மெட்டு அது. 'ஐ வுட் லவ் டூ'வும் அப்படித்தான்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து கிட்டார் ஆல்பங்களில் நிறைய, வேகமாக வாசிப்பதற்காகவே வேகமாக வாசித்தவை. எண்பதுகளில் அது ஒரு காய்ச்சல். இந்த ஆல்பத்திலும் அந்தக் காய்ச்சல் தொட்ட இடங்கள் உண்டு. 'எராட்டிக் நைட்மேர்ஸ்' எனக்கு ஒரு சுமை. கிட்டார்மேல் கிட்டார் அடுக்கி, எதைக் கேட்பது என்று தெரியாமல் காது களைத்துவிடுகிறது. 'கிரீஸி கிட்ஸ் ஸ்டஃப்' இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் நல்ல இடங்களில் வேகம் ஒரு காரணத்தோடு வருகிறது. ஒருவர் ஆத்திரத்தில் பேசும்போது சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுமில்லையா, அப்படி வருகிறது. ஆத்திரம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது.

பாட்டே இல்லாத, கனவுகளைக் கொண்டு கட்டிய ஓர் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 18ஆம் இடம்வரை போனது. நல்ல விற்பனைக்கான கோல்டு சான்றும் பெற்றது. வேகத்துக்கு மட்டும் அத்தனை பேர் காசு கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்து ராக் இசையின் காற்றே மாறியது. கிட்டார் சாகசமே பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஆனது. ஆனாலும் 2016இல் இந்த ஆல்பத்தின் 25ஆம் ஆண்டுப் பதிப்பை வெளியிட்டு, மேடையில் முழு ஆல்பத்தையும் ஸ்டீவ் வாசித்தபோது கேட்க ஆட்கள் வந்தார்கள்.

கனவுகள் என்று சொன்னீர்கள். என்ன கனவு? கர்நாடக ராகம் எதுவும் அதில் தட்டுப்படுகிறதா?
– வீணை கற்பவர், மயிலாப்பூர்

முதல் உருப்படி 'லிபர்ட்டி'. கனவில் ஒரு கொடிக்கு முன்னால் வணங்கி நிற்கிறார், ஏதோ ஒரு கீதம் ஒலிக்கிறது. விழித்ததும் நினைவில் நின்ற அந்த கீதத்தை வைத்துச் செய்தது இது. இல்லாத நாட்டின் தேசிய கீதம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஹாலிவுட் மலைப்பகுதியில் தன் வீட்டோடு அவர் கட்டிக்கொண்ட 'மதர்ஷிப்' ஸ்டூடியோவில், யாருடைய அவசரமும் இல்லாமல் வேலை செய்ததால்தான் இப்படிப்பட்ட கனவுகளையெல்லாம் துரத்த முடிந்தது. அதற்கு முன் 1984இல் வந்த முதல் ஆல்பம் 'ஃபிளெக்ஸ்-ஏபிள்' இன்னும் கோணங்கி. கொல்லைப்புறக் கொட்டகையை ஸ்டூடியோவாக்கிச் செய்தது. அதில் பாட்டுகளும் உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது.

ராகம் கேட்டீர்கள். 'தி ரிடில்' உருப்படி லிடியன் என்ற ஸ்வர வரிசையில் நகர்கிறது. ஸ்வரங்களை மட்டும் எடுத்தால் அது நம் கல்யாணிதான், பிரதி மத்யமம் பளிச்சென்று கேட்கும். ஆனால் கல்யாணி என்று நினைத்துக் கேட்டால் ஏமாறுவீர்கள். நம் கமகம் அங்கே இல்லை, பிடிகள் வேறு. அந்த மத்யமத்தை அவர்கள் ஒரு விசித்திர உணர்வுக்காக, தரையில் கால் பாவாத மாதிரி இருப்பதற்காக வைத்துக்கொள்கிறார்கள். அதை அப்படியே ரசித்துப் பாருங்கள். உங்களுக்கு 'பாலரினா 12/24'உம் பிடிக்கும். ஒரே கிட்டார், அதன் எதிரொலிகளை ஹார்மனைசர் வேறு வேறு ஸ்வரங்களில் திருப்பி அனுப்புகிறது. வாசிப்பவர் சின்னதாக ஒன்றைத் தொட, பதில் மட்டும் நாலு பக்கத்திலிருந்தும் வருகிறது.

இந்த உலகத்தில் நம்மவர் யாரும் இல்லையா?
– யாழ்ப்பாணத்து வாசகர், இப்போது டொராண்டோ

இருக்கிறார்கள், அதிலும் உங்கள் ஊரோடு சம்பந்தப்பட்டவர். வயலின் வித்துவான் எல். சங்கர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். எல். வைத்தியநாதனும் எல். சுப்ரமணியமும் சங்கரின் சகோதரர்கள். சங்கர், ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு 'சக்தி' குழுவில் வாசித்தபின், 1978இல் நியூயார்க்கில் ஃபிராங்க் ஜாப்பாவின் மேடையில் ஏறினார். மறுவருடம் வந்த சங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைத் தயாரித்தவரே ஜாப்பாதான். ஸ்டீவ் ஜாப்பாவின் மேடைக் குழுவில் சேர்ந்தது 1980இல். ஆக, பிற்பாடு ஸ்டீவ் நின்ற மேடையில் அவருக்கு முன்பே நம் வயலின் ஒலித்திருக்கிறது.

பிற்காலத்தில் 'ஆர்ட் மெட்டல்' என்று 2007இல் ஓர் ஆல்பம். ஸ்வீடன் நாட்டு பேஸ் கிட்டார் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான கிட்டார்) கலைஞர் யோனஸ் ஹெல்போர்க், அதே நாட்டு மாட்டியாஸ் எக்லுண்ட் கிட்டார், கூட நம் கஞ்சிரா வி. செல்வகணேஷ். எக்லுண்டின் 'ஃப்ரீக் கிட்டார்' ஆல்பங்களும் கோணங்கி வகையைச் சேர்ந்தவைதான். கிட்டாரைப் பேச வைப்பதில் ஸ்டீவுக்குப் பின்னால் வந்தவர்களில் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எதில் ஆரம்பிப்பது? வரிசையாகக் கேட்க வேண்டுமா?
– புதுச்சேரி வாசகர்

முதல் தடவை வரிசை வேண்டாம். 'சிஸ்டர்ஸ்' கேளுங்கள். டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பு இல்லாத சுத்தமான ஒலி, மெல்ல அவிழ்கிற கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). இத்தனை அமர்க்களம் பண்ணும் மனிதருக்குள் இப்படி ஒரு சாந்தம் இருக்கிறதா என்று தோன்றும். நான் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்த காலத்தில், கச்சேரி முடிந்து விடியற்காலையில் வேனில் திரும்பும்போது டிரைவரிடம் கெஞ்சி இந்த கேசட்டைப் போடச் சொல்வேன். மற்றவர்கள் 'லிபர்ட்டி' வந்தவுடனேயே நிறுத்தச் சொல்வார்கள். 'சிஸ்டர்ஸ்' போட்டால் மட்டும் தபேலாக்காரரும் தூங்காமல் கேட்பார்.

அடுத்து 'ஆன்ஸர்ஸ்', பிறகு 'ப்ளூ பவுடர்'. இதில் ஸ்டூ ஹாம் வாசிக்கும் பேஸ் பகுதிக்காகவே தனியாக ஒரு முறை கேட்கலாம். அப்புறம் 'ஃபார் தி லவ் ஆஃப் காட்', கடைசியாக டீச்சர் வரும் உருப்படி. இந்த ஐந்தும் பிடித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை 'லிபர்ட்டி'யிலிருந்து 'லவ் சீக்ரெட்ஸ்' வரை முழுசாக. மொத்தம் 53 நிமிடம். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இடப்பக்கமும் வலப்பக்கமுமாக நிறைய விஷயம் ஓடுகிறது. சாதாரண ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம்.

என் மகன் பத்தாம் வகுப்பு. கிட்டார் கற்றுக்கொள்கிறான். ஸ்டீவ் வை மாதிரி ஏழு தந்தி கிட்டார் வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். வாங்கலாமா?
– தகப்பனார், நாகர்கோவில்

இப்போது வேண்டாம் சார். ஏழாவது தந்தி கீழே ஒரு கனத்த 'பி' ஸ்வரம் தருகிறது. 1990இல் 'யுனிவர்ஸ்' என்ற பெயரில் ஐபனெஸ் அதைக் கொண்டுவந்தபோது, ஸ்டீவுக்கு அதற்கு முன்பே ஆறு தந்தியில் சொல்ல வேண்டியதெல்லாம் கைவந்திருந்தது. பிற்பாடு கார்ன் போன்ற குழுக்கள் அந்தக் கனத்த தந்தியை வைத்தே ஒரு தனி ஒலியை உண்டாக்கினார்கள். உங்கள் மகனுக்கு அந்த ஒலி வேண்டுமென்றால் பின்னால் வாங்கிக்கொள்ளலாம். பூட்டுகிற பிரிட்ஜ் உள்ள கிட்டாரும் ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு தந்தி மாற்றினால் மற்ற ஐந்தும் சுருதி விலகும், சரி செய்வதற்குள் பையனுக்கு வாசிக்கிற ஆசையே போய்விடும்.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆறு தந்தி கிட்டார், வீட்டுக்கு ஏற்ற சின்ன ஆம்ப்ளிஃபையர், ஒரு வா பெடல் வாங்கிக் கொடுங்கள். நான் திருச்சித் தங்கைக்கு எழுதிய பயிற்சியை அவனைச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்களோ, அதை நாகர்கோவில் இழுப்போடு கிட்டாரில் வாசித்துக் காட்டட்டும். காட்டினான் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஏழு தந்தியில் எந்த மாடல் வாங்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.